நேப்பியரா, செம்பனையா, இருக்கிற புல்லா?

அப்பா எங்களுக்கு விட்டுப்போனது ஏழு ரெலோங் நிலமும் ஒரு தீராத வாக்குவாதமும். நிலம் பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில், சுங்கை பாக்காப்புக்குத் தெற்கே இருக்கிறது. ரெலோங் கணக்கு தெரியாத கோலாலம்பூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஏழு ரெலோங் என்பது ஏறத்தாழ 5 ஏக்கர், அதாவது 2 ஹெக்டர். முன்பு பால்மரம், அதாவது ரப்பர், நின்ற இடம். மரத்தை வெட்டி விற்ற பிறகு அப்பா எதையும் நடவில்லை. அண்ணனுடைய மாடுகள் முப்பது ஆண்டுகள் மேய்ந்து மேய்ந்து அது புல்தரை ஆகிவிட்டது.

இப்போது அதை உழுது நேப்பியர் என்ற தீவனப்புல்லை நட வேண்டும் என்கிறார் அண்ணன். பக்கத்து நிலத்து முதலாளியான தவுக்கே, "குத்தகைக்குத் தாருங்கள், எண்ணெய்க்குச் செம்பனை போட்டுக்கொள்கிறேன்" என்று இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார். மெல்பர்னில் சுற்றுச்சூழல் படிக்கும் தம்பி மகன் விடுமுறைக்கு வந்தவன், நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "பெரியப்பா, இதைத் தொடவே கூடாது" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். நான் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு மாடும் தெரியாது, பறவையும் தெரியாது. கணக்கு எழுதத் தெரியும். ஆகவே மூவரும் சேர்ந்து வேலையை என் தலையில் கட்டினார்கள். இதே கேள்வியோடு செபராங் பிறையில் இன்னும் பல வீடுகள் இருப்பதால், நான் பார்த்த கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில், தரையில் என்ன இருக்கிறது

ஒரு காலையில் தம்பி மகனோடு நடந்தேன். மேட்டுப் பகுதியில் அறுகு, அதற்கிடையே கால்சட்டையில் குத்திக்கொண்டு வரும் ஒட்டுப்புல். மலாய்க்காரர்கள் அதைக் கெமுஞ்சுப் என்பார்கள். நடுவில் அகன்ற இலையுள்ள கௌ கிராஸ், தாமான் என்னும் குடியிருப்புகளில் நகராண்மைக் கழகம் வெட்டிக்கொண்டே இருக்கும் அதே புல். அதன் காலடியில் சிறுபுள்ளடி, தொட்டாற்சுருங்கி. வேலியோரம் லாலாங் என்ற களைப்புல். தெற்கு மூலையில் தண்ணீர் தேங்கும் ஒரு ரெலோங் அளவில் கோரையும் கங்கோங் கீரையும்.

"எல்லாம் இந்த மண்ணின் புல்தானே?" என்று கேட்டேன். இல்லையாம். அறுகும் ஒட்டுப்புல்லும் லாலாங்கும் இந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள். கௌ கிராஸும் தொட்டாற்சுருங்கியும் அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்து குடியேறியவை. எங்கள் தாத்தா கப்பலில் வந்து இறங்கியதைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். வந்து மூன்று தலைமுறை ஆனபின் யார் சொந்தம், யார் வந்தேறி என்று புல்லிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவன் சொன்ன இன்னொரு செய்தி கணக்குக்கு வேண்டியது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இந்த மண்ணில் தானாக நிற்பது காடு. புல்தரை நிற்பதென்றால் யாரோ ஒருவர் மரக்கன்றைத் தின்றுகொண்டோ வெட்டிக்கொண்டோ இருக்க வேண்டும். எங்கள் நிலத்தில் அந்த வேலையை முப்பது ஆண்டுகளாக மாடுகள் செய்தன. "தொடாதே" என்று அவன் சொன்னது அப்போதே கொஞ்சம் ஆட்டம் கண்டது. தொடாமல் விட்டால் அவன் காப்பாற்ற நினைக்கும் புல்லே இருக்காது.

வயிற்றுக் கணக்கு

அண்ணனிடம் 14 மாடுகள். பெரும்பாலும் நம்மவர்கள் காலங்காலமாக வளர்த்துவரும் உள்ளூர் இந்தியக் கறவை வகை, இரண்டு மூன்று பிரீசியன் சாகிவால் கலப்பு. ஒரு மாட்டின் எடை 300 கிலோ என்று வைத்துக்கொண்டால், எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப்புல் நாளொன்றுக்கு வேண்டும். அது 30 கிலோ. 14 மாடுகளுக்கு 420 கிலோ. ஆண்டுக்கு 153 டன்.

இந்த எண்ணை எழுதி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உரம் போடாத, தானாக வளர்ந்த புல்தரை ஒரு ஹெக்டருக்கு ஒரு மாட்டைத் தாங்கினாலே நல்ல தரை என்பார்கள். எங்கள் 2 ஹெக்டர் இரண்டு மாட்டை, மிஞ்சினால் மூன்றை வைத்துக் காப்பாற்றும். மற்றவை இத்தனை நாள் எப்படி வாழ்ந்தன? சாலையோரம் அறுத்த புல்லிலும், மூட்டை மூட்டையாக வாங்கிய செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கிலும், பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் தெரிந்தும் தெரியாமலும் மேய்ந்ததிலும்தான். கணக்கில் வராத இந்த மேய்ச்சலால்தான் அண்ணனுக்குப் பால் தொழில் லாபமாகத் தெரிந்திருக்கிறது. தோட்டத்துக்காரர்கள் வேலி போட்டதும் குட்டு வெளிப்பட்டது.

தரையும் அதைத்தான் சொல்கிறது. ஒட்டுப்புல் பெருகினால் அங்கே வாய் அதிகம் என்று பொருள். மாடு விரும்பித் தின்னும் புல் தின்னப்பட்டுத் தின்னப்பட்டுத் தளர்ந்துபோக, தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும் இந்தப் புல் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதன் விதை முள் மாட்டின் காலிலும் வாயிலும் குத்திப் புண் ஆக்குவது வேறு.

நேப்பியர்

அண்ணன் கட்சிக்கு இது பெரிய பலம். நன்றாக உரமிட்டு, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை அறுத்தால், ஒரு ஹெக்டரில் ஆண்டுக்கு 150 டன்னைத் தாண்டிப் பச்சைத் தீவனம் எடுக்கலாம். எங்கள் 153 டன் முழுவதும் ஒரே ஹெக்டரில். கரணைக்கு இரண்டு மூன்று கணு இருக்கும்படி வெட்டி நட்டால் போதும், விதை வேண்டாம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கம்போடு சேர்த்து உருவாக்கிய கோ-4, தாய்லாந்தின் பாக் சோங் ரகம் என்று எல்லாமே இந்த யானைப்புல்லின் உறவுகள்தான். பாக் சோங்கும் கம்புக் கலப்பே.

ஆனால் நேப்பியர் கேட்கும் விலையையும் பார்க்க வேண்டும். மேய்ச்சல் என்றால் மாடு தானே போய்த் தின்றுவிட்டு வரும். நேப்பியர் என்றால் ஒவ்வொரு நாளும் 420 கிலோவை ஒருவர் வெட்டி, சுமந்து, நறுக்கும் இயந்திரத்தில் கொடுத்துத் தொட்டியில் போட வேண்டும். அண்ணனுக்கு வயது 68. முழங்கால் வலி. மகன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. வெளிநாட்டுத் தொழிலாளர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்கிறார். அந்தச் சம்பளத்தையும் பெர்மிட் செலவையும் பால் காசில் கழித்துப் பார்த்தபோது, கையில் மிஞ்சியது பெருமை மட்டுமே. வெட்டுவதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே: ஆறு வாரத்தில் இலையாக இருப்பது பத்து வாரத்தில் தண்டாகிவிடும். புரதம் இறங்கிவிடும். மாடு தின்றும் பால் ஏறாது.

உரம் இன்னொன்று. இந்தப் புல் அறுத்த அளவுக்கு மண்ணிலிருந்து தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் எடுத்துக்கொண்டு போகும். திருப்பிக் கொடுக்காவிட்டால் இரண்டாம் ஆண்டே இளைத்துவிடும். இங்கே எங்களுக்கு ஓர் ஆதாயம் இருக்கிறது. ஒரு மாடு நாளுக்கு 15 கிலோவுக்குக் குறையாமல் சாணம் போடும். 14 மாட்டுக்கு 200 கிலோவுக்கு மேல். இப்போது மழைக்காலத்தில் அதில் ஒரு பங்கு வாய்க்கால் வழியாக ஆற்றுக்குப் போகிறது. அதைத் தேக்கி நேப்பியருக்கு விட்டால் ஆறும் பிழைக்கும், உரக்கடைக் கணக்கும் குறையும். ஆனால் அளவு தெரியாமல் தழைச்சத்தைக் கொட்டினால் இளம் புல்லில் நைட்ரேட் சேர்ந்து மாட்டைச் சாய்த்துவிடும் என்பதால் விட்ட நாளையும் அறுத்த நாளையும் குறித்து வைக்க வேண்டும். குறிப்பது என் வேலை, அதில் எனக்குக் குறையில்லை.

பறவைகளுக்கு நேப்பியர் என்ன செய்யும்? தரையில் கூடு வைக்கும் நெட்டைக்காலிக்கும், மலாய்க்காரர்கள் புயோ என்று சொல்லும் காடைக்கும், ஆளுயரம் வளர்ந்து ஆறு வாரத்தில் மொட்டையாகும் இடத்தில் ஒன்றும் இல்லை. சில்லைக் குருவிகள் வந்து போகும். தெற்கு மூலையில் நீர் தேங்குமிடத்தில் நேப்பியர் அழுகிவிடும் என்பதால் அங்கே நடுவதும் வீண் செலவு.

ஒரு சின்ன விலகல்: நேப்பியர் வேண்டாம், மேய்ச்சலுக்கே ஏற்ற பிராக்கியாரியா புல் போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். டெக்கும்பன்ஸ் என்ற வகை. மாட்டுக்குப் பெரிதாகக் கெடுதல் இல்லை. ஆடு வைத்திருப்பவர்கள் கிட்டேயே போகக் கூடாது. அதிலுள்ள சப்போனின் என்ற நச்சு ஈரலைக் கெடுத்து, வெயில் பட்டதும் காதும் முகமும் வீங்கி, மஞ்சள் காமாலை கண்டு விழுந்துவிடும். செம்மறிக்குத்தான் அதிகம் ஆகாது, வெள்ளாட்டையும் விடாது. எங்கள் வரிசையில் ஒருவர் வீட்டில் தீபாவளிக்கென்று வளர்த்த ஆடுகள் அப்படித்தான் போயின. விதையை விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணி எட்டு ஆடு வைத்திருக்கிறார், ஆகவே இந்த வழியை அங்கேயே அடித்துவிட்டேன்.

செம்பனை

இதற்கு அதிகம் எழுதத் தேவையில்லை. ஹெக்டருக்கு 136 முதல் 148 மரம் நடுவார்கள். எங்கள் நிலத்தில் சுமார் 280. முதல் குலை வெட்ட இரண்டரை மூன்று ஆண்டு. பிறகு இருபது இருபத்தைந்து ஆண்டுக்கு யாருக்கும் வேறு யோசனை வராது. தவுக்கே நல்ல மனிதர், வாடகையைக் காலத்தில் கொடுப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் வாய்ப்பேச்சில் முடிக்கலாம் என்கிறார். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நில அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது நிலச் சட்டம். பதியாமல் 25 ஆண்டு மரத்துக்கு நிலம் கொடுத்தால் நாளைக்கு நம் பிள்ளைகளும் அவர் பிள்ளைகளும் கோர்ட்டில்தான் சந்திப்பார்கள்.

மாட்டைச் செம்பனையின்கீழ் மேய்க்கலாமே என்று கேட்பார்கள். மேய்க்கலாம், நாட்டில் பல தோட்டங்களில் நடக்கிறது, களைக்கொல்லிச் செலவு குறைகிறது. ரும்புட் இஸ்ராயேல் என்று தோட்டத்தில் திட்டுவார்களே, பெயரில்தான் புல், அது உண்மையில் இலைச்செடி. அதை மாடு ஆசையாகத் தின்னும். ஆனால் கன்று மரங்கள் ஐந்தாறு ஆண்டு வளரும்வரை மாட்டை உள்ளே விடக் கூடாது. மரம் முழுதாகப் பந்தல் கட்டியபின் நிழலில் மேய்ச்சலும் குறையும். 2 ஹெக்டருக்கு அதை நம்பி மாடு வைக்க முடியாது. மாட்டை விட்டுவிட முடிவு செய்தவர்களுக்குச் செம்பனை சரியான வழி. அண்ணன் விடமாட்டார்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா ஒரு தோட்டத்தில் மருந்து அடித்தவர். முதுகில் டின், காலில் செருப்பு, கையில் உறை கிடையாது. விரல் நகங்கள் கருத்துப் பிளந்து போயிருந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 தொடக்கத்தில்தான் இந்த நாட்டில் தடை செய்யப்பட்டது. அது அம்மாவுக்குப் பல ஆண்டு தாமதம். ஆகவே புல்லைக் கொன்றுவிட்டுத் தொடங்கும் எந்த வழியையும் நான் சற்றுக் கோணலாகத்தான் பார்க்கிறேன். இது கணக்கில்லை என்று அண்ணன் சொல்வார். சரி, இல்லைதான்.

மெல்பர்ன் காகிதங்கள்

தம்பி மகன் தன் பாடத்திலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை அனுப்பினான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், எரிமலைச் சமவெளி என்று சொல்லும் பகுதியில், கங்காரு புல் முதலானவை கொண்ட உண்மையான பூர்வீகப் புல்வெளி இருந்ததாம். இன்று நூற்றில் ஐந்து பங்குகூட மிஞ்சவில்லை. மிஞ்சியிருப்பதில் பல துண்டுகள் தனியார் ஆட்டுப் பண்ணைகளுக்குள் இருக்கின்றன. ஆகவே பண்ணைக்காரரும் பாதுகாவலரும் ஒரே தரையில் எப்படிச் சேர்ந்து இருப்பது என்பதில் அவர்களுக்கு நீண்ட அனுபவம். அவர்கள் கண்டறிந்த மூன்று பாடங்களை எங்கள் நிலத்தோடு வைத்துப் பார்த்தேன்.

முதலாவது, உரம் போடாதே. அங்கே சூப்பர் பாஸ்பேட்டும் குளோவரும் போட்ட இடங்களில் பூர்வீகச் சிறு பூண்டுகள் ஒழிந்து, வெளிப்புல் மேலேறிவிட்டது. இது எங்களுக்கும் பொருந்தும். சாண நீரைப் புல்தரை முழுவதும் அள்ளி ஊற்றினால் உயரமான புல் மட்டும் எழும்பி, காற்றிலிருந்து தழைச்சத்தை இலவசமாகப் பிடித்துத் தரும் சிறுபுள்ளடி நிழலில் செத்துவிடும். உரம் நேப்பியருக்கு மட்டும்.

இரண்டாவது, சில ஆண்டுக்கு ஒருமுறை எரி. கங்காரு புல்லைப் பத்தாண்டுக்கு மேல் எரிக்காமலோ மேய்க்காமலோ விட்டால் தன் காய்ந்த தாளே தன்மேல் விழுந்து மூச்சடைத்துச் சாகுமாம். இந்தப் பாடத்தை இங்கே கொண்டுவந்தால் கதை கெட்டது. லாலாங்கின் உயிர் மண்ணுக்குள் வேர்த்தண்டில் இருக்கிறது. மேலே எரிந்தால் போட்டிக்கு நின்ற மற்றச் செடிகள்தான் சாகும். லாலாங் சில நாளில் துளிர்த்துவிடும், பிறகு பூத்துப் பஞ்சாகப் பறக்கும். ஒரு பிப்ரவரி வறட்சியில் யாரோ போட்ட சிகரெட்டில் எங்கள் வேலியோரம் எரிந்தது. இன்று அங்கே லாலாங் தவிர ஒன்றுமில்லை. சட்டமும் குறுக்கே நிற்கிறது: 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ்த் திறந்தவெளியில் எரிப்பது குற்றம். லாலாங்கைப் பற்றிப் பேசினால் நம் தலைமுறைக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். 1987 அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிடித்து உள்ளே போட்ட நடவடிக்கைக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். களை என்றால் லாலாங் என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் பல இடங்களில் இதே இனத்தைத் தர்ப்பை என்று அறுத்துக் குருக்கள் விரலில் முடிகிறார்கள் என்று அண்ணியிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

எரிக்காமல் லாலாங்கை அடக்க என்ன வழி? இளந்தளிராக இருக்கும் மூன்று நான்கு வாரத்துக்குள் மாடு தின்னும். முற்றினால் இலை ஓரம் வாயை அறுக்கும், தொடாது. நிழலையும் அது தாங்காது. ஆகவே வெட்டி, துளிர்த்ததும் மாட்டை நெருக்கி விட்டு, வேலியில் நிழல் தரும் கிளைரிசிடியா மரம் வைத்தால் கொஞ்சங்கொஞ்சமாகப் பின்வாங்கும். மெதுவான வேலை.

மூன்றாவது பாடம்தான் எனக்குப் பிடித்தது. அந்த நாட்டுச் சமவெளியில் பிளெயின்ஸ் வாண்டரர் என்று ஒரு பறவை. பார்த்தால் காடை, ஆனால் குடும்பமே தனி. புல் மண்டினாலும் அதற்கு ஆகாது, மொட்டையானாலும் ஆகாது. மழை மிகுந்த ஆண்டுகளில் மேய்ச்சல் போதாத இடங்களில் புல் அடைத்துக்கொண்டு, அந்தப் பறவை இடத்தையே விட்டுப் போனது. பாதுகாப்பதற்காகவே ஆட்டை மீண்டும் உள்ளே விட வேண்டியிருந்தது. காகிதத்தை அனுப்பியவனே அதைச் சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது. தொலைபேசியில் சுட்டிக்காட்டினேன். "அது வேறு சூழல், பெரியப்பா" என்றான். வேறுதான். எங்கள் நிலத்தில் மாட்டை நிறுத்தினால் முதல் ஆண்டு லாலாங், அடுத்து செண்டுடோக் புதர், பிறகு மஹாங் மரம், எங்கிருந்தோ பறந்துவரும் அக்காசியா. நெட்டைக்காலி போய்விடும். கூடவே குப்பை கொட்டுகிறவர்கள் வருவார்கள், நல்ல பாம்பு என்று பக்கத்துத் தாமானிலிருந்து புகார் வரும். விவசாய நிபந்தனை உள்ள நிலத்தைச் சும்மா போட்டிருப்பதாக நில அலுவலகம் கேட்டால் அதற்கும் பதில் வேண்டும். காடு வளர்ப்பது நல்ல காரியம். அதை அதற்கென்று நிலம் உள்ளவர்கள் செய்யட்டும்.

முறை வைத்து மேய்ப்பது

காங்கேயம் பக்கம் கொரங்காடு என்பார்கள். எங்கள் பாட்டி அந்த வட்டாரத்துக்காரர், அந்தச் சொல்லை அவரிடம்தான் முதலில் கேட்டேன். முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். ஒரு துண்டில் மாடு மேயும்போது மற்றது ஆறிக்கொண்டிருக்கும். அங்கே பெய்யும் மழை இங்கே பெய்வதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், அதிலேயே ஒரு புகழ்பெற்ற மாட்டினத்தை வளர்த்திருக்கிறார்கள். நமக்குக் கிளுவைக்குப் பதில் கிளைரிசிடியா. அதுவே தழையாகவும் உதவும்.

முறை எளிது. மேய்ச்சல் நிலத்தை ஆறு துண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்றில் ஐந்து நாள், பிறகு 25 நாள் ஓய்வு. மீண்டும் திரும்பி வரும்போது புல் எழும்பியிருக்கும். நான்கு விரல் உயரத்துக்குக் கீழே கடிக்க விடக் கூடாது. அதற்குக் கீழே போனால் அறுகு தளரும், ஒட்டுப்புல் சிரிக்கும். சூரிய ஒளியில் ஓடும் மின்வேலி ஒன்று போதும், கம்பியை நகர்த்திக்கொண்டே போகலாம். ஓய்வு கொடுப்பதால் குடற்புழுவும் குறையும். மழை ஊற்றும் அக்டோபர், நவம்பரில் களிமண்ணில் மாட்டை விட்டால் குளம்புக்குளம்பாகத் தரை சேறாகும், அப்போது கொட்டகையில் கட்டி நேப்பியர் போட வேண்டும்.

அந்த மாதங்களில்தான் உண்ணிக்கொக்குகள் வடக்கேயிருந்து வந்து இறங்கும். மாட்டை விட்டால் கொக்கு வரும், மாட்டைக் கட்டினால் கொக்கு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். தம்பி மகன் இதை இன்னும் ஒரு குறையாகக் குறித்து வைத்திருக்கிறான்.

தரையில் கூடு வைக்கும் பறவைகளுக்காக ஒரு விதி சேர்த்தோம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துண்டை வரிசைமுறையில் தாண்டிவிட வேண்டும், அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் தொடர் ஓய்வு கிடைக்கும். முட்டை பொரிந்து குஞ்சு ஓடுவதற்கு அது போதும், சிறு செடிகள் விதை விடவும் போதும். இதனால் புல் வீணாகும் என்று அண்ணன் சண்டை போட்டார். கொஞ்சம் வீணாகும்தான். ஆறில் ஒரு துண்டு.

வெளியிலிருந்து தீவனமோ மாடோ வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்த்தீனியம் இந்த நாட்டில் 2013இல் சிலாங்கூரில் கண்டறியப்பட்டது. வெள்ளைச் சிறு பூ, கிளை பிரிந்த இலை. மாடு தின்றால் பால் கசக்கும், தொட்டவர்களுக்குத் தோல் அரிக்கும். ஒரு செடி கண்ணில் பட்டாலும் கையுறை போட்டுப் பூக்குமுன் பிடுங்கிவிட வேண்டும். இது எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பொருந்தும்.

நான் எழுதிக் கொடுத்தது

ஏழு ரெலோங்கையும் ஒரே வழிக்குக் கொடுக்க முடியாது என்பதுதான் என் முடிவு. சாலையோரம் உள்ள இரண்டு ரெலோங்கில் நேப்பியர். அங்கே ஏற்கெனவே லாலாங்தான் அதிகம், உழுவதால் பெரிய இழப்பில்லை. கொட்டகையும் பக்கம், சுமக்கும் தூரம் குறைவு. அது 86 டன் தரும் என்று வைத்திருக்கிறேன். நடுவில் உள்ள நான்கு ரெலோங்கை உழவே கூடாது. ஆறு துண்டு, முறை மேய்ச்சல். அதில் பால் வற்றிய மாடுகளும் கிடேரிகளும் மட்டும். தெற்கு மூலை ஒரு ரெலோங் கோரையோடு அப்படியே இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, காய்ந்த பிப்ரவரியில் பத்து நாள் மட்டும் மாட்டை உள்ளே விட்டு மரக்கன்றுகளைத் தின்ன வைக்க வேண்டும். அங்கே ஒரு சாய்ந்த தென்னையில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுகின்றன, அவற்றுக்கு நார் கிழிக்க வேலியோர லாலாங்கில் ஓர் இருபது அடியையும் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். களைக்கும் ஒரு பயன் இருக்கட்டும்.

இதில் கசப்பான வரி ஒன்று உண்டு. 14 மாடு 10 ஆக வேண்டும். 10 மாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 110 டன் தேவை. நேப்பியர் 86, மீதியை மேய்ச்சலும் புண்ணாக்கும் பார்த்துக்கொள்ளும். நாள்தோறும் வெட்ட வேண்டியது 420 கிலோவிலிருந்து 235 கிலோவாக இறங்கும். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்றால் முழங்கால் தாங்கும். 14 மாட்டையும் வைத்துக்கொண்டு புல்தரையையும் காப்பாற்றுவேன் என்று சொல்கிறவர், புண்ணாக்கு மூட்டைக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்று எழுதிப் பார்க்கட்டும்.

உங்கள் நிலம் எங்கள் நிலம் போல இராது. மாடு நான்கைந்துதான், நிலம் 3 ஹெக்டருக்கு மேல் என்றால் நேப்பியரே வேண்டாம், இருக்கிற புல்லில் முறை மேய்ச்சல் போதும். நிலம் ஒரு ரெலோங், மாடு பத்து என்றால் புல்தரைப் பேச்சே வீண், நேப்பியரும் சாணக்குழியும்தான். மேடு பள்ளமாக, மண் அரிக்கும் சரிவாக இருந்தால் உழவே உழாதீர்கள். பிள்ளைகள் யாரும் மாட்டுப் பக்கம் திரும்பமாட்டார்கள் என்று தெரிந்தால் பதிந்த குத்தகையோடு செம்பனை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அண்ணன் காகிதத்தை இரண்டு முறை படித்தார். நேப்பியர் கரணைக்குச் சொல்லிவிட்டார், மழை தொடங்கும்போது நடுகிறோம். மின்வேலிக்கு வேண்டிய மரக்குச்சிகள் கொட்டகையில் வந்து கிடக்கின்றன. எந்த நான்கு மாட்டை விற்பது என்பதை மட்டும் அவர் பேச மறுக்கிறார். அண்ணி ஒரு பட்டியல் எழுதினார், மறுநாள் அதைக் காணவில்லை. பிறகு நான் ஒன்று எழுதினேன். நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள கிழட்டுப் பசுவின் பெயருக்கு நேரே, அண்ணன் பென்சிலால் ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறார். அது பால் தந்து மூன்று ஆண்டாகிறது. கணக்கில் அதை மேய்ச்சல் பகுதிக்கு மாற்றி எழுதிவிட்டேன்.